பத்து வாட் பெட்டி

கஜேந்திரன் இரும்புக் குழாயை ஓங்கியது பெட்டியை உடைக்கத்தான். குறுக்கே சுமன் கையை வைத்தான். ஓங்கிய குழாய் நிற்குமா? இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் முறிந்தன. அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக் காம்பராவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேட்டவர்கள் எழுந்து வந்திருக்கலாம், வரவில்லை. அவர்கள் அந்தப் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த படத்தைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் பாதியில் நின்றுபோனதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை.

அடுத்த அடி பெட்டிக்கு விழுந்தது. அதற்கடுத்தது சுமனின் தோளுக்கு. சுமனின் மூன்று வயது மகள் தனுஜா பாயில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நின்னுபோச்சு" என்று போனை நீட்டினாள். கஜேந்திரன் குழாயைக் கீழே வைத்தான். பிள்ளையைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். திரும்பப் பாயில் உட்காரவைத்துவிட்டு, குழாயை எடுத்துக்கொண்டு சுமனின் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"இந்தத் தோட்டத்துக்குப் படம் குடுக்கிறது ஒருத்தன்தான் மாப்புள. ஒனக்குப் படம் காட்டுற ஆச இருந்தா வேற தோட்டம் பாத்துக்க."

சுமனின் மனைவி தர்மிளா கஜேந்திரனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கஜேந்திரன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவளை அவன் அடிக்கவில்லை. சட்டையைப் பற்றியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் எடுத்துவிட்டான். பிறகு வெளியே போய், வாசலில் கழற்றி வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தான். ஒரு ஆளின் கையை உடைக்க வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறான். தங்கை வீட்டுக்கு அவன் கொடுத்த மரியாதை அது.

கஜேந்திரன் எப்படிப்பட்டவன் என்று கேட்டால் அந்தத் தோட்டத்தில் இரண்டு பதில் கிடைக்கும். அப்பா கன்னையா மண்சரிவில் போன பிறகு தாயையும் தங்கையையும் காப்பாற்றியவன், தான் பட்டினி கிடந்து தங்கைக்குச் சோறு போட்டவன் என்பது ஒன்று. அவன் வருகிறான் என்றால் பாதையை விட்டு ஒதுங்கிக்கொள் என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். கித்துல்கலவுக்கு மேலே ரப்பர் மலையில் தொங்கிக்கொண்டிருந்த அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்து வரிசை வீடுகளுக்கும் கேபிள் அவனுடையது. கோயில் மேட்டில் பெரிய டிஷ், அங்கிருந்து ரப்பர் மரத்துக்கு மரம் கம்பி, கம்பியிலிருந்து டிவிக்கு டிவி. அவன் நினைத்தால் ஒரு லயமே டிவி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்த அதிகாரம் அவனுக்குப் பிடித்திருந்தது.

சுமனுக்கு அதிகாரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் ஆற்றோரத்தில், வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றி அலைக்குள் விடுகிற இடத்தில் வேலை செய்தான். படகுக்குக் காற்றடிப்பான், லைஃப் ஜாக்கெட் காயப்போடுவான், ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும், ஏறினால் காலெல்லாம் அட்டை. பிள்ளை கார்ட்டூனுக்கு அழுதாள். வீட்டுக்குள்ளேயே படங்களையும் பாட்டுகளையும் சேர்த்து வைத்து, போனுக்கும் டிவிக்கும் வைஃபையில் கொடுக்கிற சின்ன சர்வர் ஒன்று செய்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

கரவனெல்லயில் ரிப்பேர் கடை வைத்திருந்த றிஸாத் அவனுடைய சிநேகிதன். திரை நொறுங்கிய லேப்டாப் ஒன்று அங்கே மூலையில் கிடந்தது. அதன் வயிற்றைப் பிரித்து போர்டை மட்டும் எடுத்தான். செத்துப்போன இன்னொரு லேப்டாப்பிலிருந்து சின்ன ஹார்ட் டிஸ்க். ஃபேன் சத்தம் போடும், தூசி இழுக்கும், கரண்டும் குடிக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயரில் இருந்த அலுமினியக் கட்டியைச் சூடு இறங்கப் பொருத்தினான். வைப்பதற்கு ரப்பர் மரப் பலகையில் ஒரு பெட்டி, பக்கவாட்டில் காற்றுப்போக ஓட்டைகள். கரண்ட் போனால் ஓடுவதற்கு, ஆட்டோவில் போட்டுக் கழித்த பேட்டரி ஒன்று. சாப்ட்வேர் சும்மா கிடைப்பது. படம் ஓடும்போது போனுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கச் சொன்னால் பெட்டி கொதித்துவிடும் என்பதால், எல்லாப் படத்தையும் முன்கூட்டியே மாற்றி வைத்தான். பெட்டிக்கு வேலை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான்.

லயத்தில் கரண்ட் என்பது கூட்டுக்குடும்பத்துச் சாப்பாடு மாதிரி. ஒருத்தர் அள்ளிப் போட்டுக்கொண்டால் மற்றவர் தட்டில் தெரியும். வெள்ளைக்காரன் காலத்து லயத்துக்கு எப்போதோ இழுத்த ஒரே வயர். ஒரு காம்பராவில் ரைஸ் குக்கர் போட்டால் எல்லாக் காம்பராவிலும் லைட் மங்கும். கூடவே இன்னொருத்தி கெட்டிலும் போட்டால் ஃபியூஸ் போய்விடும், எல்லோரும் வெளியே வந்து யார் யார் என்று கேட்பார்கள். அதனால் ராப்பகலாக ஓடப்போகிற ஒரு சாமான் இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் சுமன் பிடிவாதமாக இருந்தான். றிஸாத் மீட்டரை மாட்டிப் பார்த்தபோது பத்து வாட் காட்டியது.

"இதவிட என் கடைப் பல்பு கூடக் குடிக்கும்டா" என்றான் றிஸாத். "இது ஓடுதான்னு தெரியணும்னா தொட்டுத்தான் பாக்கணும்."

அந்தப் பத்து வாட்டில் சுமனுக்கு இருந்த பெருமை அவன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான். பெருமையைச் சொல்லப் போய்த்தான் கேட்டவர்கள் தங்கள் போனையும் நீட்டினார்கள். முதலில் பக்கத்துக் காம்பரா, பிறகு லயம் முழுக்க, பிறகு கோயில் கூரையில் ஒரு ரவுட்டர் வைத்து அடுத்த லயமும். திருவிழா வீடியோ, பிள்ளைகளின் பாடங்கள், அவரவர் கல்யாண வீடியோ என்று கொண்டுவந்து போடச் சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கேபிளை நிறுத்தினார்கள். கஜேந்திரனிடம் காரணம் சொல்லும்போது, பாவிகள், மறக்காமல் சுமனின் பெயரையும் சொன்னார்கள்.

விரலுக்குக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். படகு விழுந்துவிட்டது என்று சுமன் சொன்னான். கட்டை அவிழ்க்கச் சொன்ன நாளுக்கு முன்பே அவனே அவிழ்த்துக்கொண்டான். கட்டுப்போட்ட கையால் திருகாணி முடுக்க முடியவில்லை. விரல்கள் கோணலாக ஒட்டின. ஆனால் பெட்டி ஓடியது. டிஸ்க் தப்பியிருந்தது, போர்டை மட்டும் றிஸாத்திடம் மாற்றி வாங்கினான்.

அத்தோடு விட்டிருக்கலாம். கோணல் விரலைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குள் ஏதோ ஏறிக்கொண்டே போனது. ஒரு மத்தியானம் வீட்டிலிருந்த காட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்குப் போனான். டிஷ்ஷின் மரக்காலை வெட்டிச் சாய்த்தான். அங்கிருந்து மரத்துக்கு மரம் இறங்கிவந்து, கேபிள் கம்பியை ஒவ்வொரு லயத்தின் தலைமாட்டிலும் வெட்டினான். ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. வெட்டி முடித்து வீட்டுக்கு வந்து, கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் பசியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், ரப்பர் பால் வெட்டப் போகும் ஆட்கள் பெயர் கொடுக்க நின்ற இடத்தில், கஜேந்திரன் அவனைப் பிடித்தான். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவனைத் தலைமயிரைப் பற்றி இழுத்துவந்து நடுவில் போட்டான். பெல்ட்டின் கொக்கிப் பக்கத்தால் அடித்தான். சுமன் எழுந்திருக்கப் பார்த்தபோது வாயில் உதைத்தான், முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. தர்மிளா பால் வாளியோடு அந்த வரிசையில்தான் நின்றாள். ஓடிவந்து புருஷன் மேல் விழுந்து மறைத்தாள். கங்காணி தன் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தள்ளு தங்கச்சி" என்றான் கஜேந்திரன். அவள் தள்ளவில்லை. அவன் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "இனிமே பெட்டிய ஒடைக்க மாட்டேன் மாப்புள. ஒன் காம்பராவையே கொளுத்துவேன். தங்கச்சியையும் பிள்ளையையும் வெளிய தூக்கி வச்சிட்டு, ஒன்ன உள்ள வச்சுக் கொளுத்துவேன்."

கஜேந்திரன் சொன்னால் செய்வான். அது எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து சுமனுக்குத் தூக்கம் போய்விட்டது. இலை அசைந்தால் எழுந்து உட்கார்ந்தான். முன்பக்கம் லயம் முழுக்க ஆட்கள் இருப்பதால் வருகிறவன் பின்பக்கமாகத்தான் வருவான் என்று முடிவு செய்தான். பின்னால் மரவள்ளித் தோட்டம், அதற்கப்பால் ரப்பர் மரங்கள். பெட்டியும் பின்பக்கச் சமையலறையில்தான் இருந்தது.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்குக் கரண்ட் கம்பி போடுவது ஒன்றும் புதிதில்லை. அது சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும், பன்றி இறைச்சி ருசி என்றும் எல்லோருக்கும் தெரியும். சுமனும் போட்டான். அந்தக் கம்பிக்குப் போகிற வயரை, பெட்டி மாட்டியிருந்த அதே மல்டி பிளக்கில் செருகினான். பொழுது சாயும்போது போடுவான், விடியும்போது எடுப்பான்.

"நாலு மரவள்ளிக் கிழங்குக்குக் கரண்ட் கம்பியா?" என்று தர்மிளா கேட்டாள்.

"பன்னி வருது. நீயும் பிள்ளையும் அந்தப் பக்கம் போகாதீங்க."

பன்றிக்கு முழங்கால் உயரம் போதும். சுமன் இடுப்பு உயரத்திலும் ஒன்று கட்டியிருந்தான். அத்தனை உயரத்துக்கு இலங்கையில் பன்றி கிடையாது. தர்மிளா அதைப் பார்த்தாளா, பார்த்தும் நம்ப மறுத்தாளா என்று சொல்ல முடியாது.

இந்த நேரத்தில்தான் மாமியார் புஷ்பம் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். தனுஜாவுக்குக் காது குத்த வேண்டும், கோயிலில் நாள் பார்த்தாயிற்று. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த மாமனைப் பிள்ளையின் அப்பன் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். அழைக்காத வீட்டின் முன்வாசலை மாமன் மிதிக்க மாட்டான். எத்தனை சண்டை இருந்தாலும் இந்த மக்கள் அதை மாற்றிக்கொண்டதில்லை.

"போய் ஒரு வெத்தலய வச்சிருங்க மாப்புள" என்றாள் புஷ்பம். "அவனுக்கும் மனசு கெடந்து அடிக்குது. ரெண்டு நாளா சாப்பிடல."

"என் பல்ல ஒடச்சவன் மடியில என் பிள்ள ஒக்காரணுமா மாமி? நான் வெத்தல வைக்க மாட்டேன்."

இந்தச் சண்டையைப் பற்றித் தர்மிளா அன்றுதான் வாயைத் திறந்தாள். "ஒங்க விரலுக்கு நான் அழுதேன். ஒங்க மேல விழுந்து மறச்சேன். அண்ணன்கூட இன்னி வரைக்கும் பேசல. ஆனா மாமன் மடி இல்லாம என் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். நீங்க வெத்தல வைக்கலன்னா நான் பிள்ளைய தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் அந்தப் பெட்டியோட நீங்க குடும்பம் நடத்துங்க."

அவள் சும்மா சொல்கிற ரகம் இல்லை. சுமனுக்கு அது தெரியும். இருந்தும் அவன் போகவில்லை. நாளை போகலாம் என்று தள்ளினான், நாளை வந்ததும் முன்பல் இருந்த இடத்தை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி தள்ளினான்.

அழைக்காத மாமனுக்கு இன்னொரு வழி உண்டு. முன்வாசல் கூடாது, ஆனால் பின்பக்கமாக அடுப்படிக்கு வந்து, சீர்த்தட்டைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமல் போய்விடலாம். அதற்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சுமன் அந்த மலையில் பிறந்து வளர்ந்தவன், இது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. கம்பி கட்டும்போது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கொளுத்த வருகிறவனை மட்டுமே அவன் யோசித்தான்.

காது குத்துக்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரம். தூறிக்கொண்டிருந்தது. தர்மிளா மலைத் தண்ணீர் விழும் பீலிக்கு வாளியோடு போயிருந்தாள். தனுஜா பாயில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுமன் கம்பியின் பிளக்கைச் செருகிவிட்டு அங்கேயே குந்திக்கொண்டு, பெட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. கத்தலும் இல்லை, முனகலும் இல்லை. மூக்கால் வருகிற ஒரு நீண்ட சத்தம்.

திறந்திருந்த பின்கதவு வழியாகப் பார்த்தான். மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே கஜேந்திரன் நின்றுகொண்டிருந்தான். கோயிலுக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. இடது கையில் பொலித்தீனால் மூடிய தாம்பாளம். செடியை விலக்கப் போன வலது கை இடுப்பு உயரக் கம்பியைப் பற்றியிருந்தது. பற்றிய கை இறுகிவிட்டது, விட முடியவில்லை. உடம்பு முழுக்கக் கட்டை மாதிரி விறைத்து, உள்ளுக்குள் நடுங்கியது. தாம்பாளம் சாய்ந்து விழுந்தது. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவை நேராகச் சுமனைப் பார்த்தன.

சுமனின் கை பிளக்கின் மேல் இருந்தது. இழுத்தால் போதும். கோணல் விரல்களுக்குக்கூட அதற்குத் தெம்பு உண்டு.

அவன் தலையைத் தூக்கி லைட்டைப் பார்த்தான். ஏன் பார்த்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ரைஸ் குக்கருக்கு மங்குகிற லைட், கெட்டிலுக்கு மங்குகிற லைட், அப்போது மங்கவில்லை. ஒரு ஆளைப் பிடித்து வைத்திருக்க அவ்வளவு கரண்ட் தேவையில்லை. ஃபியூஸ் போகவில்லை. பக்கத்துக் காம்பராவில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தனுஜா மறுபடி சிரித்தாள். வெளியே அந்தச் சத்தம் நீண்டுகொண்டே போனது, சட்டைக் கையிலிருந்து புகை வந்தது, மயிர் பொசுங்கும் நாற்றம் சமையலறைக்குள் வந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் அந்த நேரத்தில் சுமனின் மனதில் பயமோ பதற்றமோ இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

முன்வாசலில் வாளி விழுந்தது. தர்மிளா நின்றுகொண்டிருந்தாள். பின்கதவுக்கு வெளியே அண்ணனைப் பார்த்தாள். பிளக்கின் மேல் புருஷன் கையைப் பார்த்தாள். அவன் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதையும் பார்த்தாள். பிறகு பாய்ந்துவந்து அவன் மார்பில் ஓங்கி உதைத்துவிட்டு, மல்டி பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

கஜேந்திரன் செடிகளின் மேல் விழுந்தான். லைட் அணையவில்லை, பெட்டியும் அணையவில்லை. பேட்டரி அதைத் தாங்கிக்கொண்டது. கார்ட்டூன் தடங்கலில்லாமல் ஓடியது.

தர்மிளா அண்ணனின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள், கன்னத்தில் அறைந்தாள், வாயில் வாய் வைத்து ஊதினாள், மறுபடி குத்தினாள். அவன் இருமினான். லயமே அப்போதுதான் வெளியே வந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது வலது உள்ளங்கை கரிந்து, கம்பி பதிந்த இடத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சுமன் யார் கண்ணிலும் படாமல் சேற்றில் மண்டியிட்டு, சிதறிக் கிடந்தவற்றைத் தாம்பாளத்தில் பொறுக்கினான். ஒரு பட்டுப்பாவாடை, தேங்காய், வாழைப்பழம், சிவப்புத் தாளில் மடித்த ஒரு ஜோடித் தோடு. தோடு ஒன்று கிடைக்கவில்லை. இருட்டும்வரை தேடி எடுத்தான்.

தர்மிளா ஆட்டோவில் ஏறும்போதே பிள்ளையையும் தூக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனாள்.

கஜேந்திரனைக் கரவனெல்லயிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். சுமன் பொலிஸ் வரும் என்று காத்திருந்தான். கம்பியைச் சுருட்டி மறைக்கக்கூடத் தோன்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தான். வந்தார்கள், கம்பியைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். அவனைக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சார்ஜன்ட் கேட்டபோது கஜேந்திரன் சிங்களத்தில் சொல்லியிருக்கிறான்: "மம தமய் தெம்மே. ஊரன்ட." நான்தான் போட்டேன், பன்றிக்கு. தங்கச்சி வீட்டு மரவள்ளியைப் பன்றி தின்கிறது என்று தானே கட்டியதாகவும், போட்டதை மறந்து தானே தொட்டுவிட்டதாகவும் கையெழுத்துப் போட்டிருக்கிறான், இடது கையால். அந்த வழக்கு அவன் தலையிலேயே விழுந்தது.

அதைக் கேட்டதும் சுமன் அழுதான். அது வெட்கமா நன்றியா என்று பிரிக்க முடியாத அழுகை.

கஜேந்திரன் வீடு திரும்பிய பிறகு புஷ்பம் ஆள் அனுப்பினாள். காது குத்துக்கு வேறு நாள் பார்த்திருக்கிறார்கள், மாப்பிள்ளை வெற்றிலையோடு வரட்டும் என்று. சுமன் வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, எல்லா லயத்து ஆட்களும் பார்க்க நடந்துபோனான். கஜேந்திரன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். வெற்றிலையை இடது கையால் வாங்கினான். இடது கையால் வாங்கக்கூடாது என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

"மச்சான், பொலிஸ்ல ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"பிள்ள காது குத்துல அப்பன் இருக்க வேணாமா?" என்றான் கஜேந்திரன். "ஒன்ன உள்ள போட்டா அவளுக்கு யாரு சோறு போடுவா? நானா, இந்தக் கையோட?"

சுமன் அவன் காலில் விழப் போனான். "சரி சரி, எந்திரி" என்றான் கஜேந்திரன். தர்மிளா கதவு நிலையில் சாய்ந்து நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று சுமன் கேட்டான். "காது குத்து முடியட்டும்" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனாலும் அவன் லேசான மனதோடு வீடு திரும்பினான். அடி, உதை, பகை எல்லாம் ஒரு கையோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அம்மன் கோயில் முன்னால் பாய் விரித்திருந்தார்கள். கஜேந்திரன் சப்பணமிட்டு உட்கார்ந்தான், வெள்ளைச் சட்டையின் வலது கை மடித்துக் குத்தியிருந்தது. தனுஜா பட்டுப்பாவாடையோடு அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, வாழைப்பழத்தைக் கடித்தாள். சேற்றிலிருந்து எடுத்த தோடுகள் மஞ்சள் தண்ணீரில் கிடந்தன. ஆசாரி ஊசியை எடுத்தார்.

"பிள்ள தலையக் கெட்டியாப் புடிக்கணும் தம்பி" என்றார். "ஆட்டுனா காது கிழிஞ்சிரும்."

ஒரு கை பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருந்தது. தலையைப் பிடிக்க வேண்டிய கை இல்லை. கஜேந்திரன் நிமிர்ந்து சுமனைப் பார்த்தான்.

"வா மாப்புள. இந்தக் கைக்கு நீ வந்து புடி."

சுமன் அவனுக்கு வலப்பக்கம் நெருங்கி மண்டியிட்டான். தோளோடு தோள் முட்டியது. மகளின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தான், கோணல் விரல்கள் அவள் நெற்றியில் அழுந்தின. ஆட்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தர்மிளா துடைக்கவில்லை. ஊசி முதல் காதில் இறங்கியது. பிள்ளை வீறிட்டாள், தப்பு மேளச் சத்தம் எழும்பியது. அந்தச் சத்தத்துக்குள், சுமனின் காதோடு வாய் வைத்து, கஜேந்திரன் மெதுவாகப் பேசினான்.

"கரண்ட் புடிச்சிருக்கிறப்ப வாயத் தொறக்க முடியாது மாப்புள. ஆனா கண்ணு நல்லாத் தெரியும். ஒன் கை பிளக்கு மேல இருந்துச்சு. நீ லைட்டப் பாத்துக்கிட்டு இருந்த."

சுமன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"ஆட்டாத" என்றான் கஜேந்திரன். "பிள்ளைக்கு நோகும். மொதல்ல காது ஆறட்டும். அதுக்கப்புறம் நம்ம ரெண்டு பேரும் பேசுவோம். பொலிஸ் வேணாம்னுதான் நானே போட்டேன்னு சொன்னேன்."

சுமன் தலையைத் திருப்பித் தர்மிளாவைப் பார்த்தான். அவள் அண்ணனின் வாய் அசைந்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் குனிந்து மஞ்சள் தண்ணீரிலிருந்து இரண்டாவது தோட்டை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தாள்.

ஆசாரி மறு காதுக்கு ஊசியைத் துடைத்தார். பிள்ளை அப்பா அப்பா என்று அழுதாள். சுமன் பிடியை விடவில்லை.